காதில் போன தண்ணீர்

மேலகரத்தில் இருப்பவர்களுக்குக் காது அடைத்தால் காரணம் தேட வேண்டியதில்லை. குற்றாலத்தில் குளித்திருப்போம், தண்ணீர் போயிருக்கும். தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் நாலு குதி குதித்தால் சரியாகிவிடும். எனக்கு இரண்டு வருஷமாகச் சரியாகவில்லை. சாரல் நின்று, அருவியில் வெறும் பாறை தெரிந்த மாதங்களிலும் என் காதில் போன தண்ணீர் மட்டும் வடியவில்லை. அப்போதும் தண்ணீர் என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குக்கர் விசிலை எண்ணத் தவறினேன். தென்காசியில் நான் சேலை விற்கிற ஜவுளிக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுவதாக எரிச்சல்பட்டேன். என் கணவர் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், "ஏட்டி, வேணும்னே செய்யுதியா?" என்று கேட்டார். அவருக்குத்தான் குரல் போய்விட்டது என்று நினைத்தேன்.

போன வருஷ சீசனில் ஒருநாள், பேரருவியில் பெண்கள் பக்கம் கண்ணை மூடி நின்றிருந்தேன். தண்ணீர் கூடினால் போலீஸ் விசில் அடிப்பார்கள், உடனே எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். யாரோ என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார்கள். கண்ணைத் திறந்தால் என்னைச் சுற்றி ஒருத்தரும் இல்லை. தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது.

இழுத்தது ஒரு பெண் போலீஸ். "எம்மா, எவ்வளவு நேரமா விசில் அடிக்கேன். காது கேக்கலையா?"

"கேக்குது" என்றேன் விறைப்பாக.

ஆண்கள் பக்கமிருந்து ஈரத்துண்டோடு ஓடிவந்தார் என் கணவர். மறுநாள் தென்காசியில் காது டாக்டரிடம் கூட்டிப்போனார். சத்தம் நுழையாத சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நான் காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தண்ணீரெல்லாம் இல்லை, காது நரம்பு தளர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் போகுமாம். அதனால்தான் அருவியின் இரைச்சல் கேட்டது, விசில் கேட்கவில்லை. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

காதுக்கு மெஷின் மாட்டினேன். முதல் வாரம் சேலைக் கவரைப் பிரிக்கிற சத்தமே தலையைப் பிளந்தது. பிறகு பழகிவிட்டது. வீட்டில் பேசுமுன் ஃபேனைக் குறைப்போம், முகத்துக்கு நேராக வந்து பேசுவார் கணவர். கடையில் மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. செவிடி என்று பேர் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

இந்த வருஷம் சாரல் தொடங்கியதும் வம்பு வந்தது. மெஷினை நனைக்கக் கூடாது. கழற்றினால் விசில் கேட்காது. பெண்கள் பக்கம் கணவர் வர முடியாது.

"இனி அருவி வேண்டாம். வீட்ல ஷவர்ல குளி."

மேலகரத்தில் பிறந்து வளர்ந்துவிட்டு ஷவரிலா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பக்கத்துல நிக்கவங்ககிட்ட சொல்லிட்டு நிக்கேன்" என்றேன்.

"கடையில சொல்லாதவ இங்கன சொல்லப்போறியாக்கும்."

மெஷினை டப்பாவில் வைத்து அவர் கையில் திணித்துவிட்டுப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் தலை நிறைய எண்ணெயோடு வெளியூர்ப் பெண் ஒருத்தி. அவள் தோளைத் தொட்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். விசில் அடிச்சா என்னையும் கூட்டிக்கிடுங்க" என்றேன். அருவிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை என்று கையை ஆட்டினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எனக்குக் காது கேக்காது" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

வரிசையே திரும்பிப் பார்த்தது. மூச்சு வாங்க நின்றேன். அவள் என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலிருந்த ஒருத்தி வந்து இடது கையைப் பிடித்தாள். இரண்டு பேருக்கும் நடுவில், தலை கிறுகிறுக்கும் வரை ஆசை தீர நனைந்தேன். திடீரென்று இரண்டு கைகளும் ஒரே சமயத்தில் இழுபட்டன. எல்லோரோடும் சேர்ந்து நானும் வெளியே வந்தேன்.