முப்பத்திமூன்று, சரி

ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்குக் ‘கணக்கு அக்கா’ என்று பேர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் முட்டை வாங்கியவள் அவள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. வேலை இதுதான். ரத்தம் ஒற்றும் துணிகள் கட்டுக் கட்டாகப் பிரியும்போது எத்தனை என்று பலகையில் எழுத வேண்டும். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால், நனைந்து வெளியே வந்தவற்றை எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் ‘சரி’ என்பாள். அதற்குப் பிறகுதான் பெரிய டாக்டர் தையல் ஊசியைக் கையில் எடுப்பார். பத்தொன்பது வருஷத்தில் அந்த ஒரு சொல் பிசகியதில்லை.

அவளுக்கு இன்னொரு எண்ணிக்கையும் உண்டு. மேசையில் யார் படுத்திருந்தாலும் மாஸ்க்குக்குள் உதடு அசையாமல் சுப்ஹானல்லாஹ் என்று ஓதுவாள். கையுறைக்குள் கட்டைவிரல் ஒவ்வொரு விரல்கணுவாக நகரும், முப்பத்திமூன்று வரை. ஆஸ்பத்திரி கொடுக்கும் சம்பளத்துக்கு மேல் இது தன் பங்காகச் சும்மா போடுவது என்று வீட்டுக்காரரிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள். அதையும் பலகையில் எழுதிவைத்துவிடாதே என்று அவர் கிண்டலடித்தார்.

அன்று காலையில் கர்ப்பப்பைக் கட்டியோடு ஒரு பெண் வந்தாள். பாதியில் ரத்தம் குபுகுபுவென்று பொங்கியது. கணக்கு அக்காவோடு சேர்ந்து எண்ண வேண்டிய சிஸ்டர் ரத்தப் பைக்கு ஓடினாள். பத்துப் பத்தாக மூன்று கட்டு தீர்ந்து, அவசரத்துக்கு இன்னும் மூன்று துணி பிரித்தார்கள். அவள் பலகையில் எழுதினாள். எழுதிவிட்டு, அந்தப் பெண்ணின் வெளுத்துப்போன பாதங்களைப் பார்த்துப் பயந்து ஓத ஆரம்பித்தாள். ரத்தம் நின்றது. டாக்டர் எண்ணிக்கை கேட்டார். முப்பத்திமூன்று, சரி என்றாள். தைத்து மூடி, அந்தப் பெண்ணை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

துணி ஸ்டோருக்குப் பின்னால் பெண்கள் தொழுவதற்கு ஒரு மூலை உண்டு. சண்டை போட்டு வாங்கிய இடமில்லை, கெஞ்சி வாங்கியது. மதியம் லுஹர் தொழுதுவிட்டு லேப்காரியோடும் சமையல்கட்டுக்காரியோடும் உட்கார்ந்து அதே சுப்ஹானல்லாஹ் தஸ்பீஹை விரல்விட்டு ஓதினாள். முப்பத்திமூன்றாவது கணுவில் விரல் நின்றதும் நாக்கு தானாக ‘சரி’ என்றது.

காலையில் டாக்டர் கேட்டபோது அவள் துணியை எண்ணி முடித்திருந்தாளா, ஓதி முடித்திருந்தாளா? கண்ணை மூடி, நனைந்த துணிகளைப் போட்ட தட்டை நினைத்துப் பார்த்தாள். முதல் பத்து தெரிந்தது, இரண்டாவது பத்தும் தெரிந்தது. அதற்கப்புறம் வெறும் பாதங்கள்தான் தெரிந்தன. பலகையில் இருந்ததும் முப்பத்திமூன்று, விரலில் இருந்ததும் முப்பத்திமூன்று. இப்படியுமா ஒரு மனுஷிக்கு மாட்டும்?

இருவரிடமும் சொன்னாள். லேப்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பயத்துல அப்படித் தோணுதுக்கா. பேசாம இருங்க. வெளிய சொன்னா, ஓதுறவங்களுக்கு வேலைல கவனமே இல்லன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. இந்த மூலையும் போயிடும். அல்லாஹ் பார்த்துக்குவான்.”

எத்தனை பேருக்கு அவளே சொன்ன வார்த்தை அது. தியேட்டர் வாசலில் அழுதுகொண்டு நிற்கிறவர்களுக்கெல்லாம் மருந்து மாதிரி கொடுத்திருக்கிறாள். இன்றைக்கு அந்த மருந்து அவளுக்கே வேலை செய்யவில்லை. பார்த்துக்குவான் இல்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறான். துணி உள்ளே இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியும், அவள் வாயைத் திறப்பாளா என்பதும் தெரியும்.

சமையல்கட்டுக்காரி தொழுகை விரிப்பை மடித்துக்கொண்டே, சாப்பாட்டில் உப்புப் போட்டோமா என்று மறந்துபோனால் தான் நாக்கில் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னாள். “நீங்க எதை வச்சுப் பார்ப்பீங்க? அதைப் பாருங்க முதல்ல.”

கழிவு அறைக்கு ஓடினாள். காலையில் கட்டிய ரத்தத்துணி மூட்டைகளை வண்டி ஏற்றிக்கொண்டு போய் அரைமணி நேரமாகியிருந்தது. இனி எக்ஸ்ரே ஒன்றுதான் வழி. துணியில் ஓடும் நீல இழை அதில் தெரியும். டாக்டரின் அறைவாசலில் இரண்டு தடவை கதவுவரை கையைக் கொண்டுபோய் இழுத்துக்கொண்டாள். இந்த வேலை போனால் வேறு கைத்தொழில் தெரியாது. மூன்றாவது தடவை, வார்டில் மயக்கம் தெளிந்துகொண்டிருப்பவளின் பாதங்கள் ஞாபகம் வந்தன. தட்டினாள்.

டாக்டர் பாதிச் சாப்பாட்டில் இருந்தார். அவள் எதையும் மறைக்கவில்லை, ஓதியதையும் சொன்னாள். அவர் எழுந்து கையைக் கழுவிவிட்டு, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லப் போனார். திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

படத்தில் இழை தெரிந்தது. வலது பக்கம், புழு மாதிரி சுருண்டு கிடந்தது.

“நீங்க வெளிய இருங்க. எண்ண வேற ஆள் இருக்கு” என்றார் டாக்டர். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, வேலை நடக்கும்போது அந்தக் கதவு அவளை வெளியே விட்டு மூடியது.

வெளியே பெஞ்சில் அந்தப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரு துணி தங்கிவிட்டது, மறுபடி திறக்க வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். தலையில் முக்காட்டோடு நின்ற இவளைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்துவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தான் வேறு சாமி கும்பிடுகிறவள்தான், ஆனாலும் இப்போது யார் வேண்டினாலும் நல்லதுதான் என்று, தன் மகளுக்காகக் கொஞ்சம் ஓதச் சொன்னாள்.

தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

“அம்மா, அந்தத் துணியை எண்ணாம விட்டது நான்தான்.”

அந்த அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்து இவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. பிடி மட்டும் இறுகிக்கொண்டே போனது, நகம் பதிகிற அளவுக்கு.

“அப்போ நீதான் ஓதணும்” என்றாள் அந்த அம்மா. “என் பொண்ணு வெளிய வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது.”

அவள் ஓதினாள். விரல்களை எண்ண வழியில்லை, பத்தும் அந்த அம்மாவின் பிடிக்குள் இருந்தன. கதவு திறப்பதற்குள் எத்தனை முறை ஓதினாள் என்று அவளுக்குத் தெரியாது.