எங்கள் வாசிகசாலையில் ஒரு ஜனாதிபதி பதவி விலகினார்

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு கொழும்புப் பேப்பர் எங்கள் தென்மராட்சிக் கிராமத்துக்கு வருவது நின்றுபோனது. உள்ளூர்ப் பேப்பரின் நாலு பக்கமும் தேத்தண்ணி ஆறுமுன் முடிந்துவிடும். பின்னேரங்களில் வாசிகசாலைக்கு வருகிறவர்களுக்கு அது எந்த மூலைக்குக் காணும்?

அலுமாரியில் ஒரு கட்டு இருந்தது. காலமாகிவிட்ட ஓர் இங்கிலீஸ் வாத்தியாரின் வீட்டார் கொடுத்த அமெரிக்க வாரச் சஞ்சிகைகள், எல்லாம் எழுபதுகளில் வந்தவை. அவற்றைத் தமிழாக்கி உரத்து வாசிக்கக்கூடிய ஆள் ஊரில் நான்தான். வயது இருபத்துமூன்று, வாய் அதைவிடப் பெரிது. ஒரு பெட்டை கதிரையில் இருந்து வாசிக்க, ஆம்பிளைகள் நீட்டு வாங்குப் பலகையில் இருந்து கேட்டது அங்கே அதுதான் முதல் தடவை. அந்தக் கதிரையை லேசில் விடுவேனா?

விடவைக்கப் பார்த்தவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். அதுவரை பேப்பர் வாசித்தவர் அவர்.

அந்தச் சஞ்சிகைகளில் வந்த அமெரிக்க ஜனாதிபதி பதவியை விட்டுப் போனார் என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும். எப்படிப் போனார் என்பதுதான் ஒருவருக்கும் நினைவில் இல்லை. எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் களவாகப் புகுந்தவர்கள் பிடிபட்டது, இரண்டு பத்திரிகையாளர்கள் அதைத் தோண்டியது, ஜனாதிபதி தன் பேச்சைத் தானே பதிந்துவைத்து மாட்டுப்பட்டது எல்லாம் என் வாசிப்பில் கிழமைக்கணக்கில் ஓடியது. கடைசியில் அவர் கைகாட்டிவிட்டு ஹெலிகொப்டரில் ஏறினார், அடுத்தவர் சத்தியப்பிரமாணம் எடுத்தார் என்று வாசித்துச் சஞ்சிகையை மூடினேன்.

ஒருவரும் எழும்பவில்லை.

"ஆமி வரேல்லையோ?" என்று வாங்கிலிருந்து ஒருவர் கேட்டார்.

"இல்லை."

"ஆரையும் சுடேல்லையோ?"

"சுடேல்லை."

"அந்தப் பேப்பர்க்காரர் ரெண்டுபேரும்?"

"உயிரோடைதான் இருக்கினம். பாராட்டுத்தான் கிடைச்சது."

மனேச்சர் சிரித்தார். "பிள்ளை பயத்திலை ரெண்டு மூண்டு பக்கத்தை விட்டிட்டுது. நானும் பேப்பர் வாசிச்சனான். எங்கை விடவேணும் எண்டு எனக்குத் தெரியாதே?"

அப்போது ஊரை ஆண்ட ஆயுதக்காரருக்குப் பிடிக்காத செய்தியைத் தாண்டித்தான் அவர் பேப்பர் வாசிப்பார். எனக்கு உச்சி கொதித்தது. பயமாம், எனக்கு.

அடுத்த நாள், சாவகச்சேரிக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து பென்சன் எடுத்த ஒருவரை மனேச்சரே சைக்கிளில் ஏற்றிவந்தார். மனிதர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முழுவதையும் வாசித்து, என்னையும் மறுபடி சொல்லவைத்துக் கேட்டார். நான் கதிரையில் இருக்கவில்லை. பொய்க்காரி என்று பெயர் எடுத்தால் பிறகு எந்த முகத்தோடு அந்தப் படி மிதிப்பது?

"பிள்ளை ஒரு வரியும் விடேல்லை," என்றார் அவர். "நானெண்டாலும் இதைவிட நல்லாய்ச் செய்திருக்கமாட்டன்."

அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. சந்தோசத்தில் காது சுட்டது. மனேச்சரே கதிரையை இழுத்துப் போட்டார். தோற்றாலும் முறை தெரிந்த மனிதர்.

அன்று கட்டின் அடியில் இருந்த சஞ்சிகையை எடுத்தேன். பெற்றோலுக்கு வரிசையில் நிற்கும் அமெரிக்கர்கள் தங்கள் நாட்டின்மேலேயே நம்பிக்கை இழந்துவிட்டார்கள் என்று அதில் எழுதியிருந்தது. பொருளாதாரத் தடையில் பெற்றோலின் மணமே மறந்துபோன எங்கள் சனம் வரிசையைக் கேட்டுச் சிரித்தது. மனேச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"அவ்வளவு பெரிய ஆளை வீட்டுக்கு அனுப்பிப்போட்டினம். ஒருத்தரும் சாகேல்லை. பிறகென்னத்துக்குப் பிள்ளை உந்தச் சனம் நம்பிக்கையை விட்டது?"

பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். "உதிலை அதுக்குப் பதில் இல்லை," என்றேன்.

அவர் எழும்பிப்போய் றோட்டை ஒருக்கால் எட்டிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, "சரி, மெல்லமாய் வாசி," என்றார்.

நான் குரலைக் குறைக்கவில்லை.