பச்சை ஜீப்பும் ஒரு ரின் வெள்ளைப் பெயின்றும்

முத்துலிங்கம் மாமா எந்த வாகனத்தைக் கடந்து போனாலும் அதன் பொனற்றில் புறங்கையை ஒரு கணம் வைத்துப் பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. சங்கக் கடைக்குச் சாமான் ஏற்றிவந்த லொறி, உழவு இயந்திரம், பாதரின் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கி, எதுவும் அவரிடம் தப்பாது. ஒருமுறை பிரேதம் ஏற்றிவந்த வான் வண்டிக்கும் இதைச் செய்தார். செத்தவரின் உறவினர்கள் அவர் துக்கம் தாங்காமல் வானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்து, கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்கள். பக்கத்து வளவில் இருந்து பத்து வருடமாக இதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்கந்தபுரத்தில் அவருக்கு இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி, ஒரு கிணறு, மனைவி ஞானேஸ்வரி, மகள் தர்மிளா, ஒரு ஜீப். இந்த வரிசை நான் போட்டது. மாமியைக் கேட்டால் ஜீப்பைத்தான் முதலில் வைப்பார். ஜீப் நின்ற கொட்டிலுக்குத் தகரக் கூரை, வீட்டுக்குக் கிடுகு. மழைக்காலத்தில் வீட்டுக்குள் சட்டி பானைகளை ஒழுக்குக்கு வைத்தபடி மாமி சொல்வார்: "நானும் நாலு சில்லோட பொறந்திருந்தா நனையாம இருந்திருப்பேன்."

மாமா மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே துரையின் ஜீப்பைக் கழுவுவது அவருடைய வேலை. ஏறி உட்கார அனுமதி இல்லை. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் காணி ஆக்கினார். துரையின் ஜீப்பில் ஏறாத குறைதான் பிறகு இப்படி வெளிப்பட்டது என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுகம். படித்தவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும். ஒருநாள் இந்தக் காரணத்தை மாமாவிடமே எடுத்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த ஜீப்பு எனக்குப் புடிக்கவே புடிக்காது பிள்ளை. கழுவக் கழுவச் சேறு" என்றார்.

இந்த ஜீப்பை அவர் கண்டது தொண்ணூறாம் ஆண்டு, சண்டை திரும்பத் தொடங்குவதற்குச் சில மாதம் முன்னர். வவுனியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் அது கோழிக்கூடாக நின்றதாம். இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்டுப்போனது என்பது அவருடைய கணிப்பு. ஒரு நாம்பன் மாட்டைக் கொடுத்து அதை வாங்கி, நெல் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய லொறியில் ஏற்றி வந்தார். உள்ளே மூன்று கோழிகளும் வந்தன. மாமி கோழிகளை வரவேற்றார்.

பிறகு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றறி, ரயர், பெயின்ற் எதுவும் வன்னிக்குள் வரக்கூடாது. ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லாத காலத்தில்தான் மாமா வாகனம் திருத்தத் தொடங்கினார். ஊரெல்லாம் ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருத்திக் காலத்தை ஓட்டியது. தண்ணிப் பம்புக்குச் சைக்கிள் சாமான், மோட்டார் சைக்கிளுக்கு மண்ணெண்ணெய். மாமாவும் மண்ணெண்ணெய்க்கு மட்டும் இணங்கினார். மற்றதெல்லாம் அசலாக இருக்கவேண்டும். உழவு இயந்திரத்தின் லைற் அளவாகப் பொருந்தியும் வேண்டாம் என்றுவிட்டு, நாலு வருடம் ஒற்றைக் கண்ணோடு ஜீப்பை நிறுத்தி வைத்திருந்தார்.

"யுத்தகாலச் சாமான் பிள்ளை. கண்டதப் போடக்கூடாது."

"இப்பவும் யுத்தகாலம்தானே மாமா."

"அது முடிஞ்ச யுத்தம்" என்றார்.

அசல் நிறத்துக்குத்தான் அதிக காலம் போனது. சீற்றின் அடியில் வெயில் படாத இடத்தைச் சுரண்டிப் பார்த்துப் பழைய பச்சையைக் கண்டுபிடித்தார். அயலில் யார் வீட்டு ரின்னின் அடியிலாவது காய்ந்த பச்சைப் பெயின்ற் இருந்தால் வாங்கி வந்து, அடுப்புக்கரியும் மஞ்சளும் கலந்து, தேங்காய்ச் சிரட்டைகளில் பூசி வேலியில் வரிசையாகத் தொங்கவிட்டார். அறுபது, எழுபது சிரட்டைகள் இருக்கும். எனக்கு எல்லாம் ஒரே பச்சை. பட்டப்படிப்புக்குப் போகுமுன் தொங்கிய சிரட்டைகள், படிப்பு முடித்து வந்தபோதும் தொங்கின. தொண்ணூற்றெட்டு ஆனியில் ஒருநாள் எல்லாவற்றையும் கழற்றி எரித்தார். சரியான பச்சை கிடைத்துவிட்டது. ஜீப் அதைப் பூசிக்கொண்டு நின்றது. அடுத்த மாதம் ஓடவும் செய்தது. சின்னப் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு இயக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். ஒழுங்கை முழுக்கக் குசினிப் புகை.

அதே ஆனியில்தான் தர்மிளாவின் காதலும் வெளியே வந்தது. யோகநாதன் சங்கக் கடையில் நிவாரணம் நிறுத்துக் கொடுக்கிறவர். தர்மிளாவின் பருப்பு மட்டும் எப்போதும் கொஞ்சம் கூடவாக இருந்ததை ஊர் கவனித்துவிட்டது.

யோகநாதனின் தாய் சிவனேஸ்வரி கிளிநொச்சி டவுனில் கல்வீட்டில் இருந்தவர். தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து வந்து, எங்கள் ஒழுங்கையின் கடைசியில் கிடுகுக் கொட்டிலில் இருந்தார். வீடு போனாலும் கதிரையில் நிமிர்ந்து இருக்கிற விதம் போகவில்லை. மலைநாட்டுக் குடும்பத்தில் சம்பந்தம் என்பது அவருக்கு விருப்பமில்லை. அதை வாயால் சொல்ல வெட்கமும் இருந்தது. சொல்லக்கூடிய ஒரு குறையைத் தேடினார் என்று நினைக்கிறேன். கலியாணம் முடிந்து பொம்பிளை மாப்பிள்ளையை மாமா தன் ஜீப்பில் கொண்டுவந்து இறக்கப்போகிறார் என்ற கதை அவருக்குக் கைகொடுத்தது.

"முத்துலிங்கம், நான் பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. சீதனம் கேட்டனானோ? ஆமிக்காரன்ர வாகனத்தில என்ர பிள்ளையை ஏத்தாதையும்."

"அது வெள்ளக்காரன் ஆமிங்க."

"மேல போறவனுக்கு அது தெரியுமோ? பச்சையைக் கண்டால் ஆரின்ரையோ பெரிய வாகனம் எண்டு குண்டைப் போட்டிட்டுப் போவான். வெள்ளை அடியும், நிவாரணக்காரரின்ர வாகனம் மாதிரி."

"வெள்ள அடிச்சா மேலருந்து நெலா மாதிரி தெரியுங்க. பச்சைன்னா மரத்தோட மரமா நிக்கும்."

"அப்ப மரத்தோடயே நிக்கட்டும். கலியாணக் கதையை விடுவம்."

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் பயம். மாமா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் கொட்டிலில் போய் இருந்தார்.

"டிரக்டர் பெட்டியில அனுப்பினா என்னாங்க?" என்றார் மாமி.

"நெல்லு மூட்ட போற பெட்டியில மகள ஏத்துறதா?"

"அப்ப வெள்ள அடிங்க."

மாமா பொனற்றைச் சீலையால் துடைக்கத் தொடங்கினார். இரண்டு நாள் இப்படியே போனது. தர்மிளா வேலியில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னாள்: "அப்பா என்னையும் ஜீப்பையும் தராசில வச்சுப் பாக்கிறார். எனக்குப் பயமாக் கிடக்கடி. ஜீப் பாரம் கூட." சிரித்தபடிதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் மாமா எங்கள் படலையில் வந்து நின்றார். "நீ படிச்ச பிள்ளை. ஒரு வழி சொல்லு."

எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் என்னிடம் பதில் இருக்கும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் இருப்பதில்லை. அன்றைக்கு ஒன்று இருந்தது.

"சுண்ணாம்பு அடிச்சால் என்ன மாமா? கலியாணம் முடியக் கழுவி விடலாம்தானே."

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். "இதுக்குத்தான் பிள்ளை படிக்கணுங்கிறது" என்றார். என் பட்டத்துக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

கலியாணத்துக்கு நாள் வைத்தது ஐப்பசி நடுவில். நான் படித்தது புவியியல். வடகீழ்ப் பருவக்காற்றுப் பற்றி இறுதிப் பரீட்சையில் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். சுண்ணாம்பு யோசனையைச் சொன்னபோது அதில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

கலியாணத்துக்கு முதல்நாள் மாமா ஜீப்புக்குச் சுண்ணாம்பு அடித்தார். சுண்ணாம்பு பிடிக்கவேண்டுமென்றால் கஞ்சி விட்டுக் கரைப்பார்கள். "கஞ்சி விடேல்லையோ மாமா?" என்று கேட்டேன். "அரிசிக்கு எங்க பிள்ளை போறது?" என்றார். பக்கத்தில் கலியாணச் சமையலுக்கு இரண்டு மூட்டை அரிசி இருந்தது. அவர் மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிவனேஸ்வரி மாமி பின்னேரம் வந்து தள்ளி நின்று பார்த்தார். "இப்பதான் வாகனம் மாதிரிக் கிடக்கு" என்றுவிட்டுப் போனார்.

கோயிலில் தாலி கட்டி முடிந்தது. பின் சீற்றில் பொம்பிளையும் மாப்பிள்ளையும். முன்னுக்கு மாமாவும் தோழியான நானும். அந்த ஜீப்புக்கு ஸ்ரேறிங் இடப்பக்கம். இலங்கையில் வாகனம் ஓட்டுகிறவர் இருக்கும் வலப்பக்கத்தில் நான் இருந்தேன். ஒழுங்கைச் சனம் வாய்பார்த்து நின்றது. "படிச்ச பிள்ளை கையை மடியில வச்சுக்கொண்டு வாகனம் ஓடுதப்பா" என்று யாரோ சொன்னது புகைக்குள்ளும் கேட்டது.

கோயிலில் இருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்றரை மைல். அரை மைலில் முதல் துளி பொனற்றில் விழுந்து ஒரு பச்சைப் பொட்டு வைத்தது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. சுண்ணாம்பு பாலாக ஓடி, கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கால் உள்ளே வந்து என் மடியில் சொட்டியது. பின்னாலிருந்து தர்மிளா, "அப்பா, கூறைச்சீலை" என்றாள். யோகநாதன் தன் சால்வையை விரித்துப் பிடித்தார். நான் மாமாவைப் பார்த்தேன். முகத்தைக் கவலையாக வைத்திருந்தார். ஆனால் வாயின் ஒரு பக்கம் அவருடைய சொல்லைக் கேட்கவில்லை.

வெள்ளையாகப் புறப்பட்ட ஜீப் பச்சையாகப் போய்ச் சேர்ந்தது. படலையில் சிவனேஸ்வரி மாமி ஆலத்தித் தட்டோடு நின்றார். வாழைப்பழத் துண்டுகளில் திரி எரிந்தது. யாரோ குடை பிடித்தார்கள். அவர் தட்டை அசைக்கவில்லை. தர்மிளா இறங்குவதற்கு வைத்த காலை எடுக்காமல், இறக்காமல் இருந்தாள்.

"இதென்ன நிறம்?"

"மழைங்க" என்றார் மாமா.

"நான் மழையைக் கேக்கேல்லை. நீர் என்ன சொன்னனீர்?"

மாமா ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி பொனற்றைப் பார்த்தார். யோசனை சொன்ன நான் என் மடியில் இருந்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஞானேஸ்வரி மாமி பின்னால் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கி, நனைந்துகொண்டே நின்றார். மகளை வீட்டுக்குள் எடுப்பார்களா, திருப்பி அனுப்புவார்களா என்ற கேள்வி அந்தப் படலையில் எல்லார் முகத்திலும் இருந்தது.

யோகநாதன்தான் பேசினார். "அம்மா, திரி நூரப்போகுது."

ஆலத்தி சுற்றுமுன் திரி அணைவதை எந்தத் தாயும் விரும்பமாட்டாள். சிவனேஸ்வரி மாமி மகனைப் பார்த்தார், திரியைப் பார்த்தார், மூன்று தரம் அவசரமாகச் சுற்றினார். தர்மிளாவின் நெற்றியில் பொட்டு வைக்கும்போது, கன்னத்தில் தெறித்திருந்த சுண்ணாம்பையும் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார்.

"வெள்ளை அடிச்சுத் தரவேணும். பேச்சுப் பேச்சுதான்."

"மழை விட்டதும் அடிச்சுத் தாறேங்க" என்றார் மாமா. ஊரே கேட்க, கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்.

மழை விட்டது. பெயின்ற் இல்லை என்றார். அது உண்மை. தை முடிய, வவுனியா போய்வந்த ஒருவரிடம் சொல்லி, சீலைக்குள் சுற்றிக் கொண்டுவந்த ஒரு ரின் வெள்ளைப் பெயின்றைச் சிவனேஸ்வரி மாமி நேரே கொண்டுவந்து கொடுத்தார். மாமா இரண்டு கையாலும் வாங்கினார். அடுத்த கிழமை பார்த்தால் பச்சைப் பொனற்றின் நடுவில் பெரிய வெள்ளை நட்சத்திரம் ஒன்று. அசலில் அது இருந்ததாம்.

சிவனேஸ்வரி மாமி வந்து பார்த்தார். ஜீப்பை ஒருமுறை சுற்றி வந்தார். "என்ன இது?" என்றார் கடைசியில்.

"நீங்க கேட்டதுதாங்க, சம்பந்தியம்மா. கொஞ்சம் சின்னதா. அந்தக் காலத்தில மேலருந்து பாக்கிறவன் இது நம்ம ஆளுன்னு தெரிஞ்சு, குண்டு போடாமப் போறதுக்குப் போட்ட நட்சத்திரம்."

"இப்ப மேல வாறவன் ஆரின்ர ஆள், அண்ணை?"

'முத்துலிங்கம்' அன்றைக்கு 'அண்ணை' ஆனதை நான் கவனித்தேன். மாமா கவனித்தாரோ தெரியாது. அவர் நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு கிபிர் குண்டுவிமானச் சத்தம் கேட்டால் ஊர் பங்கருக்கு ஓடும், மாமா கொட்டிலுக்கு ஓடுவார். தகரக் கூரைக்குக் கீழே நின்ற ஜீப்பின் நட்சத்திரத்தைச் சாக்கால் மூடிவிட்டுத்தான் பங்கருக்கு வருவார். "தகரத்துக்குள்ளால அவனுக்குத் தெரியுமாங்க?" என்று மாமி பங்கருக்குள் இருந்து கத்துவார்.

மிச்சத்துக்கு வெள்ளை அடிக்கச் சொல்லிச் சிவனேஸ்வரி மாமி ஒவ்வொரு வருடப்பிறப்புக்கும் கேட்டார். வெயில் கூட, பெயின்ற் வெடிக்கும் என்றார் மாமா. மழை வரப்போகுது என்றார். பேத்தி பிறந்தபோது, பெயின்ற் மணம் பிள்ளைக்குக் கூடாது என்றார். ஆனால் ஒருநாளும் மாட்டேன் என்று சொல்லவில்லை. நானும் அவரிடம் நேரே கேட்டேன். "குடுத்த சொல்லுப் பிள்ளை. அடிக்கத்தான் வேணும்" என்றார். நம்பித்தான் சொன்னார் என்றே நினைக்கிறேன்.

இந்த வருடம் மாசியில் மலேரியாக் காய்ச்சல் அவரை ஐந்து நாளில் கொண்டுபோனது. முப்பத்தோராம் நாள் வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபிறகு, சிவனேஸ்வரி மாமி கொட்டிலுக்குள் போய் ஜீப்புக்கு முன்னால் நின்றார். ஞானேஸ்வரி மாமியும் நானும் பின்னால் போனோம்.

"வெள்ளை அடிக்க இன்னும் கிடக்கு" என்றார்.

"ரின்னுல பாதிக்கு மேல இருக்குங்க. யோகநாதன் தம்பிகிட்டச் சொல்லி அடிச்சிரட்டா?" என்றார் ஞானேஸ்வரி மாமி.

"நான் உங்களிட்டயோ கேட்டனான்? தாறன் எண்டவர் அவர். அவர்தான் தரவேணும்."

சொல்லிவிட்டு, விலகிக் கிடந்த சாக்கை இழுத்து நட்சத்திரத்தை மூடினார்.