பிளக்கை மிதித்து நின்றவன்

சினிமா தியேட்டர் வாசலில் நின்று, வம்பு செய்கிறவர்களைத் தூக்கி வெளியே போடுவது அவன் பிழைப்பு. எல்லோரும் அவனைக் கதவு என்றே கூப்பிட்டார்கள். எத்தனை பேர் வந்து மோதினாலும் அசைய மாட்டான். அவன் திருப்பிக் கொடுத்தால் வாங்கியவன் பல்லைப் பொறுக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட முரடனுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் மேல் பைத்தியம். ஒரே ஒரு பிளாப்பி டிரைவ், திரைக்கு ஓட்டை டிவி. அந்த டப்பாவை வைத்து அவன் மனைவி அவனைத் திட்டாத நாளில்லை. பிறகு அவள் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்த டாக்டர்கள் குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்பு அவள் திட்டியதையும் நடுவில் சிரித்ததையும் அவன் ஒரு பிளாப்பியில் பதிந்து வைத்திருந்தான். அவள் குரல் என்று உலகத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அந்தப் பிளாப்பியில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஒற்றை டிரைவ்காரனுக்கு ஒரே வழி ராம் டிஸ்க். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஒரு துண்டை ஒதுக்கி, இதுவும் ஒரு டிஸ்க்தான் என்று அதையே நம்பவைக்கிற வேலை. அதிகம் ஒதுக்கினால் மிஷின் மூச்சு முட்டி நின்றுவிடும். குறைத்தால் குரல் பாதியில் அறுந்துவிடும். அன்று காலை முழுக்க மல்லுக்கட்டி அளவைச் சரிசெய்து, குரலை உள்ளே ஏற்றிவிட்டான். ஏற்றிய கையோடு பழைய பிளாப்பியின் பூச்சு உரிந்து வந்துவிட்டது. போகட்டும் என்று புது பிளாப்பியைச் செருகி ஃபார்மட் போட்டான். அது முடிந்ததும் குரலை அதில் எழுதிவிட்டால் தீர்ந்தது. அதுவரை கரண்ட் போகக் கூடாது, போனால் நினைவகத்தில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். தரையில் கிடந்த பிளக்கோ லொடலொட. காலால் மிதித்து அழுத்தினால்தான் நிற்கும். மிதித்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் வாசல் கதவு பெயர்ந்து உள்ளே விழுந்தது.

“கதவு வீட்டுலயே கதவு சரியில்லையே” என்றபடி வந்தான் கறிக்கடைக்காரன். பின்னால் அவன் மச்சான், கையில் இரும்புக் கம்பியோடு. முந்தின நாள் தியேட்டரில் கறிக்கடைக்காரனின் தம்பிக்குக் கையை ஒடித்தது கதவுதான்.

“கொஞ்சம் பொறு. இது முடியட்டும், நானே வெளிய வர்றேன்” என்றான் கதவு. நியாயமாகத்தான் கேட்டான். அவர்களுக்கு அது திமிராகப் பட்டது.

முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்தது விலாவில், உள்ளே எலும்பு முறிந்தது அவனுக்கே கேட்டது. மூன்றாவதில் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. அவன் கால் நகரவில்லை. டிரைவ் கரகரவென்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“திருப்பி அடிடா” என்றான் கறிக்கடைக்காரன். இப்படி ஒருவனை அடிப்பது அவனுக்கே அசிங்கமாக இருந்தது போலும்.

சத்தம் கேட்டு மனைவி கொல்லைப்புறத்திலிருந்து ஓடி வந்தாள். கத்த வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. கம்பிக்காரன் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான்.

கதவு காலை எடுத்தான்.

டிவி அணைந்தது. அதற்கப்புறம் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. முடியைப் பிடித்த கை முழங்கையில் எதிர்ப்பக்கமாக மடங்கியது. கறிக்கடைக்காரனின் முகம் சுவரிலேயே இறங்கி இறங்கி, கடைசியில் இன்னார் முகம் என்று சொல்ல முடியாமல் போனது. இருவரும் தவழ்ந்துதான் தெருவுக்குப் போனார்கள்.

கதவு இருண்ட திரையின் முன் உட்கார்ந்து சின்னப்பிள்ளை போல அழுதான். “உன் குரல் போச்சு. காப்பாத்த முடியல.”

அவள் திரையைப் பார்த்தாள். கழன்று கிடந்த பிளக்கைப் பார்த்தாள். அவன் விலாவைப் பார்த்தாள். எதற்காக அவன் அடி வாங்கிக்கொண்டு நின்றான் என்பது அப்போதுதான் புரிந்தது. ஓங்கி ஒரு அறை விட்டாள். அன்று அவன் வாங்கிய அடிகளிலேயே அதுதான் அதிகம் வலித்தது.

அவள் உதடுகள் அசைந்தன. அவனுக்கு அதைப் படிக்கத் தெரியும்.

“நான் இங்கதான இருக்கேன். யாருக்காக சாகப் பாத்த?”