திருப்பண்டத்துக்கு நான் கொடுத்த உத்தரவாதம்

இன்று சான்ட்ரிங்ஹாமில் இருக்கும் என் மளிகைக் கடைக்குப் பருப்பு வாங்க வந்த ரீட்டா அக்கா, என் முன்னால் இரண்டு சின்ன வெள்ளிப் பெட்டிகளை வைத்தார். கணவருக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. உள்ளே ஒரு புனிதரின் எலும்புத் துணுக்காம். ஆன்லைனில் வாங்கியது.

"திருப்பண்டத்தை விக்கிறது பாவம், தம்பி. அதால பெட்டிக்கு மட்டுந்தான் காசெண்டு போட்டிருந்தவங்கள்."

கெட்டிக்கார வியாபாரி!

திருப்பிப் பார்த்தேன். இரண்டு அரக்கு முத்திரையிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல்.

"அச்சுல வார்த்தது அக்கா. டூப்ளிகேட்."

"ஓம், எனக்கும் விளங்கினது. ஆனா நாளைக்கு இவருக்கு இருதய ஒப்பரேசன். நீங்கள் பொய்ச் சாமான் விக்கமாட்டியள் எண்டு நம்புற மனுசன். உண்மையெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கணவரை அழைத்துப் போனை என்னிடம் நீட்டினார்.

பெருங்காயத்தில்கூடக் கலப்படம் செய்யாதவன் நான். "அசல்தாண்ணே, தைரியமா இருங்க" என்றேன்.

அதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. அவர் குணமாகி வந்து என் சட்டையைப் பிடித்தால் சந்தோஷமாகத் திட்டு வாங்குவேன்.

அதற்குள் நியாயம் பேச வருகிறவர்கள் கமெண்டில் வரலாம். அந்த போன் உங்கள் கையில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.