"சேத்து வை" என்று கத்தியது நான்தான்

சண்முகம் போய்விட்டார்.

பிளானோவில், இன்று காலை. இடுப்பில் மூன்றாவது ஆபரேஷன்... இன்ஃபெக்‌ஷன் ஆகி இரண்டு வாரம் ஐசியூவில் கிடந்தார். அவ்வளவுதான்.

பழைய பிஸ்கட்டவே ஊர்க் கும்பலுக்கு "ஃபால் அங்கிள்" என்றால்தான் தெரியும். ஆமாம், அந்த வீடியோவில் பனியில் உருண்டு போவாரே... அவரேதான்.

Y2K கம்ப்யூட்டர் வேலைக்காக நம்ம ஆட்கள் அமெரிக்காவில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிய சமயம். ஆபீஸில் எனக்கு அடுத்த க்யூபிக்கிள். கோபிசெட்டிபாளையத்துக்காரர். காபி மெஷினிடம்கூட "ங்க" போட்டுப் பேசுவார் என்று கிண்டல் செய்வோம். ஒரு வேலை சொன்னால் சொன்னதை அப்படியே செய்வார். ஒரு எழுத்து கூடாது, குறையாது.

அந்தக் குளிர்காலத்தில் ஆபீஸிலிருந்து பனிச்சறுக்குக்கு ஒரு ஸ்கீ ட்ரிப். வடக்கே ஒரு சின்ன மலை. அவர் பாட்டுக்கு பிகினர் லெசன் வரிசையில் போய் நின்றிருந்தார். நான்தான் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தேன்.

"லெசன்லாம் எதுக்குங்க, சின்னப் பசங்களோட நின்னுக்கிட்டு? வாங்க, நானே சொல்லித் தர்றேன்."

அதற்கு முன்னால் நான் ஸ்கீ செய்தது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவைக்கே அத்தனை அலட்டல்.

ஸ்கீயில் நிற்பதற்கு ஒரே வித்தைதான். காலில் மாட்டிய பலகைகளின் முன்முனைகள் இரண்டும் சேர வேண்டும், குதிகால் பக்கம் விரிய வேண்டும். பீட்ஸா துண்டு மாதிரி. லெசனில் "பீட்ஸா! பீட்ஸா!" என்றுதான் கத்திச் சொல்லித் தருவார்கள். எனக்கு அப்படிக் கத்த வெட்கம். குனிந்து அவர் பலகைகளைக் கையாலேயே திருப்பி வைத்தேன். சறுக்காமல் நின்றார். "அவ்வளவுதான்" என்று சொல்லி, மலைமேல் போகிற லிஃப்டில் ஏற்றிவிட்டு நானும் ஏறினேன்.

கீழே என் கணவர் கேம்கார்டரோடு நின்றார்.

பாதிச் சரிவில் சண்முகத்துக்கு வேகம் பிடித்துவிட்டது. நான் பின்னாலிருந்து, இருந்த மரியாதையும் போய், "சேத்து வை! சேத்து வை!" என்று கத்தினேன். 'முனையை' என்று சொல்லவில்லை.

அவர் காலைச் சேர்த்து வைத்தார். ஸ்கூல் அசெம்பிளியில் அட்டென்ஷனில் நிற்கிற மாதிரி, இரண்டு காலையும் ஒட்டி, நேராக... ஸ்கீயில் அதைவிட வேகமாகப் போக வழியே கிடையாது.

ஓரத்தில் கட்டிய ஆரஞ்சு வலையைக் கிழித்துக்கொண்டு போய், பனி அடிக்கிற மெஷினில் மோதி, இரண்டு மூன்று உருளல். ஒரு பலகை கழன்று தனியாகச் சறுக்கி என் கணவர் காலடியில் வந்து நின்றது. டேப்பில் எல்லோரும் சிரிப்பது கேட்கும். நான் சிரிப்பதும் கேட்கும். அவர் எழுந்திருக்கவில்லை என்று எங்களுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க சொன்னாப்புல சேத்தித்தானுங்க வெச்சேன்... அப்பறம் ஏனுங்க நிக்கல?"

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

"பயத்துல மாத்தி வெச்சிருப்பீங்க" என்றேன்.

"அப்படித்தானுங்க இருக்கும்" என்றார். நம்பிவிட்டார்.

இடுப்பு எலும்பு உடைந்து மாசக்கணக்கில் படுக்கை. ப்ராஜெக்ட் வேறு ஆளுக்குப் போனது. ஊரில் பேசி வைத்திருந்த பெண் வீட்டில் "கால் நொண்டியாமே" என்று பின்வாங்கினார்கள். ஒரு கால் கொஞ்சம் குட்டையாகவே நின்றுவிட்டது.

எங்களுக்கோ அது பாட்லக் விருந்துகளில் போட்டுச் சிரிக்கிற வீடியோ. குழந்தைகள் "ப்ளே ஃபால் அங்கிள்!" என்று அடம் பிடிக்கும். யார் காரை பார்க் பண்ணினாலும் "சேத்து வை!" என்று ஒரு குரல் வரும். அவரும் சேர்ந்து சிரிப்பார். யாராவது என் கோச்சிங்கைக் கேலி செய்தால் மட்டும் விட மாட்டார்.

"அவிங்க சரியாத்தானுங்க சொன்னாங்க. எனக்குத்தான் காதுல ஏறல."

2001 லேஆஃபில் அவருக்கும் வேலை போனது. "பனி உழுகாத ஊராப் பாத்துப் போறேனுங்க" என்று பிளானோவுக்குக் கிளம்பினார். அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பெட்டிகளுக்கு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"சண்முகம், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"பிளானோல நம்ம ஊர்க் கடையெல்லாம் இருக்காம்... கவலைப்படாதீங்க" என்றேன்.

அதற்கப்புறம் ஃபோன்தான். கல்யாணம் என்றார், லேட்டாகத்தான். முதல் ஆபரேஷன் என்றார். இரண்டாவது என்றார். ஒவ்வொரு தடவையும் சொல்ல வாயெடுத்து, வெயில் எப்படி என்று கேட்டேன்.

இன்று அவர் மனைவி செல்வி பேசினாள்.

"தியேட்டருக்குள்ள கூட்டிட்டுப் போறப்போ நர்ஸு எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்டாங்கக்கா. 'மை டீச்சர் வாஸ் வெரி குட், மிஸ்டேக் ஈஸ் மைன்'னாரு. சிரிச்சுட்டேதானுங்க்கா போனாரு..."

அவளிடமும் சொல்லவில்லை. அவள் ஃபேஸ்புக்கில் இல்லை என்று தெரிந்துதான் இங்கே எழுதுகிறேன். என் லட்சணம் இவ்வளவுதான்.

அந்த டேப்பின் காப்பி யாரிடமாவது இருந்தால், ப்ளீஸ்... க்ரூப்பில் போடாதீங்க. அதில் என் குரலை என்னால் கேட்க முடியாது.

சண்முகம்... நான் சொன்னபடியேதான் நின்னீங்க.

போயிட்டு வாங்க.