முழங்கால் மெத்தைகள்

நேற்று யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் யாரோ பழைய டயரைக் கொளுத்தியிருந்தார்கள். அந்தக் கரும்புகை மூக்கில் ஏறியதுமே எனக்குப் பழைய ஆத்திரம் பற்றிக்கொண்டது.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கிறிஸ்தவர்களுக்கு இரண்டு வேதக் கோயில்கள் இருந்தன. மேல் பிரிவில் இருந்தது எங்களுடையது. தோட்டத்தில் கழித்துப்போட்ட ரப்பர் ஷீட்டுகளை அடுக்கி, மாவுச் சாக்குத் துணியால் மூடி, ரப்பர் மரங்களில் பால்வெட்டிவிட்டு வந்த பெண்கள் தைத்த முழங்கால் மெத்தைகள் கோயிலுக்குள் வரிசையாகக் கிடக்கும். அந்த ரப்பர் வாசமும், எல்லோரும் ஒன்றாக மண்டியிடும்போது எழும் 'தொப்'பென்ற சத்தமும்தான் சின்ன வயதில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

கீழ்ப் பிரிவுச் சபையார் பெஞ்சில் உட்கார்ந்தே ஜெபிப்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில் யார் யாரோ டவுனில் கூடி, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு சபையையும் ஒன்றாக்கி எங்கள் கோயிலைப் பூட்டினார்கள். மெத்தைகளைத் தலையில் சுமந்துகொண்டு கீழே போனோம். "இங்க மண்டி போடுற வழக்கமில்லைங்க" என்ற போதகர், அத்தனையையும் வாசலில் குவித்து எரிக்கச் சொன்னார்.

"ஒண்ணாயிட்டோம்னு சொன்னீங்களே ஐயா, அப்புறம் ஏன் எங்க சாமான் மட்டும் எரியுது?" என்று அம்மா கேட்டார்.

"பழச விட்டாத்தாம்மா ஒத்துமை வரும்."

அம்மா உள்ளே போய், வெறும் சிமெந்துத் தரையில் தன்னந்தனியாக மண்டியிட்டார். மேல் பிரிவுக்காரர்கள் ஒருவர்கூட அவரோடு மண்டியிடவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நானும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.